உப்புப் பீப்பாயில் எழுதிய 18

இளையோருக்கான வாழ்க்கை வரலாறு என்னும் நூல்வகை, உண்மையில் வாழ்ந்த ஒருவர் எங்கே பிறந்தார், எந்தத் தொழில் நடக்கும் வீட்டில் வளர்ந்தார், எதைக் கற்றார், எதில் தோற்றார், எதைச் செய்து முடித்தார் என்பவற்றை வளரும் வயதினர் படித்து உணரும் அளவில் எடுத்துச் சொல்வதாகும். தமிழில் இவ்வகை நூல்களுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் அவற்றுள் பல, நாயகரைத் தொட்டிலிலேயே பெரியவராக்கிவிடுகின்றன. பொய் பேசாத பிள்ளை, தெருவிளக்கில் படித்த பிள்ளை, ஒருமுறை கேட்டதை மறவாத பிள்ளை என்று ஒரே அச்சில் வார்த்தவை போல வரும் அந்தப் பிள்ளைகள் என்ன வேலை செய்தார்கள், அந்த வேலை விடியலில் எத்தனை மணிக்குத் தொடங்கியது, கூலி யார் கைக்குப் போயிற்று என்பனவற்றை அந்நூல்கள் அரிதாகவே சொல்கின்றன. இதற்கு நம் பழைய அடியார் வரலாறுகளைக் குறை கூறுவது முறையன்று. சேக்கிழார் திருநீலகண்டரைக் குயவராகவும், திருக்குறிப்புத் தொண்டரை வண்ணாராகவும், அதிபத்தரை நாகப்பட்டினத்து மீனவராகவும் அவரவர் தொழிலோடு சேர்த்தே காட்டுகிறார். தொழிலைத் துடைத்துவிட்டுப் பெருமையை மட்டும் மிச்சம் வைப்பது பிற்காலத்துப் பழக்கம்.

இப்பழக்கத்தால் நேரும் இழப்பு எவ்வளவு என்பது மரக்காணம் போன்ற ஓர் உப்பளக் கடற்கரையை மனத்தில் வைத்துப் பார்த்தால் விளங்கும். சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தின் ஓரத்தில் அமைந்த இவ்வூரில், கழுவெளி என்னும் உவர்நீர்ப் பரப்பை ஒட்டி உப்பளங்கள் விரிந்து கிடக்கின்றன. ஆந்திரக் கடற்கரையிலிருந்து சென்னை வழியாக வரும் பக்கிங்காம் கால்வாயும் இவ்வூர்ப் பக்கத்தில்தான் முடிகிறது. கடல்நீரில் நூற்றுக்கு ஏறக்குறைய மூன்றரைப் பங்கே உப்பு இருப்பதால், அந்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலும் காற்றும் அதைச் சுண்டச் செய்யும்வரை காத்திருக்க வேண்டும். உவர்நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே அளவியில் 25 பாகையை நீர் எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். அதற்கு முன்பே சுண்ணமும் ஜிப்சமும் தனியே படிந்துவிடும். 29 பாகையைத் தாண்டவிட்டால் கசப்புடைய மக்னீசிய உப்புகள் கலந்துவிடும் என்பதால் எஞ்சிய நீரை உரிய நேரத்தில் வடித்துவிட வேண்டும். ஆகவே, பாத்தித் தரையை மிதித்து இறுக்குவது, நீண்ட கைப்பிடியுள்ள பலகையால் உப்பை வாரி வரப்பில் குவிப்பது, கூடையில் அள்ளித் தலைச்சுமையாகக் கரை சேர்ப்பது ஆகிய உடலுழைப்போடு, நீரின் பதமறிந்து நாளையும் வேளையையும் கணிக்கும் அறிவும் இத்தொழிலுக்குத் தேவைப்படுகிறது. தை, மாசியில் தொடங்கும் இவ்வேலை ஐப்பசி மழையோடு நின்றுவிடும். இடையில் கோடை மழை ஒன்று பெய்தாலும் பல நாள் உழைப்பு பாத்தியிலேயே கரைந்துபோகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தபோது இவ்வட்டாரம் முழுவதும் வெள்ளக்காடாயிற்று.

உப்போடு வளரும் குழந்தைகள் தமிழ் இலக்கியத்துக்குப் புதியவர்கள் அல்லர். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாடுவது. அதில் வரும் எயிற்பட்டினம் என்னும் துறைமுகத்தை இன்றைய மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதே பாட்டு கொற்கையைச் சொல்லுமிடத்தில், உமணர் எனப்படும் உப்பு வணிகரின் வண்டிகளோடு வந்த மந்தி ஒன்று, கிளிஞ்சலின் உள்ளே முத்தை அடைத்துக் கிலுகிலுப்பையாக்கி, உமணப் பெண்களின் பிள்ளைகளோடு ஆடுவதாக ஒரு காட்சி வருகிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பெயரில்லை; அவர்கள் வளர்ந்து என்ன ஆனார்கள் என்று எந்த நூலும் சொல்லவில்லை. உப்பு விளையும் ஊரின் பிள்ளைகள் தம்மைப் போன்ற ஒருவரின் வாழ்க்கையைப் புத்தகத்தில் காண்பதற்குப் பின்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. கண்டபோதும் அந்த வாழ்க்கை தொலைதூர அமெரிக்காவில் நடந்ததாக இருந்தது.

1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர் புக்கர் டி. வாஷிங்டன். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து 1865-இல் அடிமைகள் விடுதலை பெற்றபின், அவர் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள மால்டன் என்னும் உப்பூருக்குக் குடிபெயர்ந்தது. மால்டன் கடலிலிருந்து வெகு தொலைவில் உள்ள ஊர். அங்கே நிலத்தடியிலிருந்து எடுத்த உவர்நீரைப் பெரிய உலைகளில் காய்ச்சி உப்பாக்கிப் பீப்பாய்களில் அடைத்தார்கள். மரக்காணத்தில் வெயில் செய்யும் வேலையை அங்கே நெருப்பு செய்தது என்பதே வேறுபாடு. சிறுவனான புக்கரும் அவருடைய மாற்றாந்தந்தையும் அந்த உலையில் கூலியாட்கள். வேலை சில நாள்களில் அதிகாலை 4 மணிக்கே தொடங்கும். ஒவ்வொரு கூலியாளின் பீப்பாய்களுக்கும் ஓர் எண் உண்டு. மாற்றாந்தந்தைக்கு உரிய எண் 18. நாள்தோறும் மாலையில் மேலாளர் வந்து பீப்பாய்களின் மேல் அந்த எண்ணை எழுதிச் செல்வார். அதைப் பார்த்துப் பார்த்தே 18 என்னும் வடிவத்தை அச்சிறுவன் அடையாளம் கண்டுகொண்டான். வேறு எந்த எழுத்தும் எண்ணும் தெரியாத நிலையில் அவன் அறிந்த முதல் வரிவடிவம் அதுதான். 1901-இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் வாஷிங்டன் இதைத் தாமே பதிவு செய்திருக்கிறார்.

அதே நூலில் இதைவிடச் சுவையான செய்தி ஒன்றும் உண்டு. ஊரில் பள்ளி தொடங்கியபின், காலை 9 மணி வரை உலையில் வேலை செய்துவிட்டுப் பள்ளிக்குப் போகலாம் என்று வீட்டில் இசைவு கிடைத்தது; பள்ளி தொடங்குவதும் அதே 9 மணிக்கு, அதுவோ உலையிலிருந்து தொலைவில் இருந்தது. எனவே சிறுவன் உலை அலுவலகத்துக் கடிகாரத்தின் முள்ளை ஒவ்வொரு நாளும் எட்டரையிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளி வைக்கத் தொடங்கினான். நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளர் பார்த்து வேலை செய்த கடிகாரம் அது. சில நாள்களில் மேலாளர் ஐயுற்றுக் கடிகாரத்தைப் பூட்டிவிட்டார். பிறருக்கு இடையூறு செய்ய நினைக்கவில்லை, பள்ளிக்கு நேரத்தில் போக மட்டுமே நினைத்தேன் என்ற பொருளில் வாஷிங்டன் இதை வெட்கமும் குறும்பும் கலந்து சொல்கிறார். இளையோர் பதிப்புகளைச் சுருக்கும் ஆசிரியர்கள் நீக்கிவிட நினைக்கும் பகுதி பெரும்பாலும் இத்தகையதாகவே இருக்கும்; ஆனால் படிக்கும் சிறுவன் அந்த நூலை நம்பத் தொடங்குவதும் இத்தகைய பக்கத்தில்தான். பிறகு 1872-இல், ஏறத்தாழ 800 கிலோமீட்டர் தொலைவைப் பாதி நடையாகவும் பாதி வண்டியிலும் கடந்து ஹாம்ப்டன் கல்வி நிலையத்தை அடைந்ததும், அங்கே வகுப்பறை ஒன்றை மூன்று முறை பெருக்கி, நான்கு முறை தூசி துடைத்துக் காட்டியதே அவருக்கு நுழைவுத் தேர்வாக அமைந்ததும், 1881-இல் டஸ்கீகி கல்வி நிலையத்தின் முதல் தலைவரானதும் பலரும் அறிந்தவை. வெள்ளையரோடு அவர் அளவுக்கு மீறி இணங்கிப்போனார் என்று டூ பாய்ஸ் போன்ற கறுப்பின அறிஞர்களே 1903-இல் கண்டித்ததும் அந்த வரலாற்றின் பகுதியே.

இந்த வாழ்க்கையைத் தமிழில் எழுதியவர் வ. வே. சு. ஐயர். 1881-இல் பிறந்த அவர், வழக்கறிஞர் கல்விக்காக லண்டன் சென்று, அங்கே புரட்சியாளர் குழுவோடு சேர்ந்து, பிரிட்டிஷ் காவலருக்குத் தப்பிச் சீக்கியர் வேடத்தில் பயணம் செய்து, 1910-இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். பாரதியார் முதலானோரும் அப்போது அங்கே இருந்தனர். ஏறக்குறைய பத்தாண்டுகள் அவ்வூரில் வாழ்ந்த ஐயர், நெப்போலியன், கரிபால்டி, புக்கர் வாஷிங்டன் ஆகியோரின் வரலாறுகளைத் தமிழாக்கித் தந்தார். அடிமைப்பட்ட நாட்டின் இளைஞருக்குப் படைத்தலைவர் இருவரோடு ஓர் உப்பு உலைக் கூலிச் சிறுவனையும் சேர்த்து முன்னிறுத்தியது, அந்தத் தேர்வைச் செய்தவரின் நோக்கத்தைக் காட்டுகிறது. புதுச்சேரியிலிருந்து வடக்கே ஒரு பகல் நடைத்தொலைவில் மரக்காணத்து உப்புப் பாத்திகள் இருந்தன. அவற்றில் உழைத்தவர்களில் ஒருவர்கூட அந்நூலைக் கையில் எடுத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்பது வேறு செய்தி.

ஆனால் ஐயரின் வாழ்க்கையும் மாசற்ற சித்திரம் அன்று. 1922-இல் அவர் திருநெல்வேலி மாவட்டத்துச் சேரன்மாதேவியில் தேசியக் கல்விக்காகக் குருகுலம் ஒன்றைத் தொடங்கினார். பொதுமக்கள் நன்கொடையும் காங்கிரஸ் தந்த 5,000 ரூபாயும் அதற்குத் துணையாயின. அங்கே பிராமண மாணவர் இருவருக்கு மட்டும் தனியே உணவு அளிக்கப்பட்டது தெரியவந்ததும், டாக்டர் வரதராஜுலு நாயுடு, பெரியார் ஈ. வெ. ராமசாமி முதலியோர் அதைக் கடுமையாக எதிர்த்தனர். அந்தப் போராட்டம் தமிழக அரசியலின் போக்கையே மாற்றியது. அக்குருகுலத்தில் பயின்றவர்களில் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த ராமசாமி ரெட்டியாரின் மகனும் ஒருவர் என்று பெரியார் இயக்க நூல்கள் கூறும். அடிமையாகப் பிறந்தவரின் வரலாற்றை மதித்து எழுதிய அதே கையால் நடத்தப்பட்ட பள்ளியில் பந்தி பிரிந்திருந்தது என்பதைச் சொல்லாமல் ஐயரின் வாழ்க்கையை எழுதுவது இளம் வாசகரை ஏமாற்றுவதாகும். 1925 ஜூனில் பாபநாசத்துக்கு அருகே அருவி நீரில் அடித்துச் செல்லப்பட்ட மகளைக் காக்கப் பாய்ந்து அவர் உயிர்நீத்ததைச் சொல்லும் நூல்கள், அதற்குச் சில வாரங்களுக்கு முன் குருகுலப் பொறுப்பிலிருந்து அவர் விலக நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த இரண்டையும் ஒருங்கே தாங்கும் வலிமை உண்டு. இல்லையென்று நினைப்பவர்கள் பெரியவர்களே.

மகனை அங்கே படிக்க அனுப்பிய ஓமந்தூராரின் வரலாறு இப்பகுதிப் பள்ளிகளில் இன்னும் விரிவாகப் பேசத்தக்கது. உழவுக் குடும்பத்தில் 1895-இல் பிறந்த அவர், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் தலைமை அமைச்சராக இருந்தார். நாடு விடுதலை பெற்ற நாளில் அப்பதவியில் இருந்தவர் அவரே. கோயில் நுழைவு உரிமைச் சட்டமும் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில் நிறைவேறின. பதவி விலகியபின் வடலூரில் வள்ளலார் பெயரால் கல்விப் பணியில் இறங்கி, அரசியலை விட்டு ஒதுங்கி வாழ்ந்து, 1970-இல் மறைந்தார்.

அவ்வாறு பேசத்தக்க இன்னொருவர் வரலாறும் இக்கடற்கரையில் உண்டு. மரக்காணத்துக்குத் தெற்கே, புதுச்சேரியைத் தாண்டி உள்ள கடலூர் முதுநகரில் 1890-இல் பிறந்த அஞ்சலையம்மாள் பள்ளியில் ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். 1921-இல் ஒத்துழையாமை இயக்கத்தின் வழியே பொதுவாழ்வுக்கு வந்து, குடும்பத்தின் நிலத்தையும் வீட்டையும் விற்றுப் போராட்டச் செலவுக்குக் கொடுத்தார். 1857 எழுச்சியை ஈவிரக்கமின்றி ஒடுக்கிய ஜேம்ஸ் நீல் என்னும் படைத்தளபதிக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் வைத்திருந்த சிலையை அகற்றக் கோரி 1927-இல் நடந்த போராட்டத்தில், சிறுமியான தம் மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்துச் சென்று இருவரும் சிறைப்பட்டனர். காந்தியடிகள் அச்சிறுமிக்கு லீலாவதி எனப் பெயரிட்டு ஆசிரமத்தில் வளர்க்க அழைத்துச் சென்றார். பின்னாளில் மார்க்ஸின் ‘மூலதனம்’ நூலைத் தமிழாக்கிய க. ரா. ஜமதக்னியை லீலாவதி மணந்தார். உப்புச் சத்தியாகிரகத்தில் அஞ்சலையம்மாள் கடுமையாகத் தாக்கப்பட்டார். அதை அடுத்து வேலூர்ச் சிறையில் இருந்தபோது அவர் கருவுற்றிருந்தார்; பிரசவத்துக்காக வெளியே விடப்பட்டு, குழந்தை பிறந்த இரண்டு வாரங்களில் மீண்டும் சிறைக்குத் திரும்பினார். அம்மகனுக்கு வைத்த பெயர் ஜெயில் வீரன்.

அஞ்சலையம்மாளைப் பற்றிச் சிறுவர்க்கு எழுதுவோர் பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சியைச் சுற்றியே வருகின்றனர். காந்தியடிகள் கடலூர் வந்தபோது அவரைச் சந்திக்கக் கூடாது என்று அரசு தடுத்ததும், அஞ்சலையம்மாள் பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து பார்த்ததும், காந்தியடிகள் அவரைத் தென்னாட்டின் ஜான்சிராணி என்று அழைத்ததும் நாடகத்துக்கு ஏற்ற காட்சிகளே, ஐயமில்லை. எனினும் அவர் வாழ்க்கையில் இளையோர் அறிய வேண்டிய மற்றொரு பகுதி வாய்க்காலைப் பற்றியது. சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு 1937-இலும் 1946-இலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், தீர்த்தாம்பாளையம் மக்களின் தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க வீராணம் வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால் ஒன்றை வெட்டச் செய்தார். அது அஞ்சலை வாய்க்கால் என்றே வழங்குகிறது. மாறுவேடம் ஒரு நாளில் முடிந்துவிட்டது. வாய்க்காலுக்கோ மனு, அலுவலகம், அளவை, மறுமனு என்று நடையாய் நடக்க வேண்டியிருந்திருக்கும். உவர்நிலத்து ஊர்களில் நல்ல தண்ணீரின் அருமை அறிந்து வளரும் பிள்ளைக்கு இவ்விரண்டில் எது நெருங்கிய செய்தி என்று சொல்ல வேண்டியதில்லை.

உப்புச் சத்தியாகிரகம் என்பதன் பொருளையும் இங்கே சுருக்கமாக விளக்கலாம். 1882-ஆம் ஆண்டின் சட்டப்படி உப்பு விளைவிப்பதும் விற்பதும் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தன. 1930-இல் மணங்கு ஒன்றுக்கு, அதாவது ஏறக்குறைய 37 கிலோவுக்கு, ஒரு ரூபாய் நான்கு அணா வரி விதிக்கப்பட்டது. தானே படிந்து கிடக்கும் உப்பைக் கையால் அள்ளுவதுகூடக் குற்றம். ராஜாஜி 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு நடந்து ஏப்ரல் 28-இல் வேதாரண்யத்தை அடைந்து, 30-ஆம் நாள் உப்பெடுத்துக் கைதானார். வழியில் தொண்டர்களுக்கு உணவளிப்போர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் அறிவித்தபோது, மக்கள் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். வேதாரண்யத்தில் எல்லா ஏற்பாட்டையும் முன்நின்று செய்த வேதரத்தினம் பிள்ளை உப்புத் தொழில் செய்த குடும்பத்தவர். சட்டத்தை மீறினால் தம் வீட்டுத் தொழிலே அழியும் என்பதைத் தெரிந்துகொண்டே அதில் இறங்கியவர். சொத்துப் பறிமுதலும் சிறையும் அடைந்தபின் சர்தார் என்னும் பட்டத்தைப் பெற்றார். அதே ஊரில் முடிதிருத்தும் தொழிலாளியான வைரப்பன், தாம் சவரம் செய்துகொண்டிருந்த ஆள் காவலர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியை வைத்துவிட்டார். நீதிமன்றம் கொண்டுபோனபோதும் மீதியைச் செய்ய மறுத்துச் சிறை சென்றார். அவருக்கு வேதாரண்யத்தில் நினைவுத் தூண் உண்டு. அவர் எதிர்ப்பு மேடையிலோ அணிவகுப்பிலோ நிகழாமல் தம் தொழிலின் கருவியிலேயே நிகழ்ந்தது என்பதால், இந்தப் போராட்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும் எவரும் ராஜாஜிக்குத் தரும் இடத்தில் பாதியையாவது வைரப்பனுக்குத் தர வேண்டும்.

இத்தகைய வரலாறுகளைப் பிள்ளைகளுக்குச் சொல்வதற்கான மொழி தமிழில் இல்லாமல் இல்லை. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தைத் தொடங்கிய அழ. வள்ளியப்பா, வங்கிப் பணியில் இருந்துகொண்டே, ‘பாட்டிலே காந்தி கதை’ போன்ற நூல்களால் வரலாற்றை ஓசையோடும் எளிமையோடும் பிள்ளைகளுக்குக் கொண்டுசென்றார். வயது வந்தோர் பக்கத்திலோ இதைவிடப் பழைய முன்னோடி ஒன்று இதே கடற்கரையில் உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல் வரவு, சரக்கு விலை, பகைவர் பேச்சு, தம் மனக்கவலை, சோதிடர் சொன்ன நேரம் என எதையும் விட்டுவைக்கவில்லை. மரக்காணத்துக்கு வடக்கே இன்று சிதைந்து நிற்கும் ஆலம்பரைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த காலமும் அந்த ஆண்டுகளுக்குள்தான் வருகிறது. தம்மை உயர்த்திக் காட்ட வேண்டும் என்ற கவலையில்லாமல் அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதியதால், இரண்டரை நூற்றாண்டுக்குப் பின்னும் அவர் உயிருள்ள மனிதராகத் தெரிகிறார்.

ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பாத்திகள் நீரில் மூழ்கி உப்பள வேலை நிற்கும் மாதங்களில், இக்கடற்கரைப் பள்ளிகளின் ஆசிரியர்களும் ஊர் நூலகர்களும் ஒரு வேலையைத் தொடங்கலாம். உப்பு வாரி மூத்த பாட்டிமாரிடமும் தாத்தாமாரிடமும் பிள்ளைகளை அனுப்பி, எந்த வயதில் பாத்தியில் இறங்கினார்கள், அன்று கூடைக்கு என்ன கூலி, எந்தப் புயலில் என்ன போயிற்று, பதம் வந்துவிட்டதை எப்படி அறிந்தார்கள் என்று கேட்டு, ஆண்டும் அளவும் பிசகாமல், அவர்கள் இசைவோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கச் சொல்லலாம். புக்கர் வாஷிங்டன், அஞ்சலையம்மாள், வைரப்பன் ஆகியோரின் வரலாறுகள் இருக்கும் அலமாரியிலேயே அந்தக் குறிப்பேட்டுக்கும் இடம் ஒதுக்க வேண்டும். தையில் வரப்புகளைச் செப்பனிட்டு மீண்டும் வேலை தொடங்கிவிட்டால், அந்தப் பெரியவர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்காது.